டீர்ஃபீல்டின் பரண்

ஊர் வரலாற்றுச் சங்கங்களைப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் நாலு பேர் கூடித் தங்கள் முப்பாட்டன் பெருமையைப் பேசுகிற இடம் என்பது அவர்கள் எண்ணம். அந்த இளக்காரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊர்ச் சங்கம் சொல்லும் கதையில் ஊரார் எப்போதும் வீரர்கள், வெளியிலிருந்து வந்தவன் எப்போதும் கொடியவன். ஆனால் சொன்ன கதையை மட்டும் வைத்து இப்படியொரு சங்கத்தை எடைபோடுவது பாதி நியாயம்தான். கதை சொன்னவர்களே அந்தக் கதைக்கு ஆதாரம் என்று நம்பி ஏராளமான பொருள்களையும் காகிதங்களையும் சேர்த்துவைத்தார்கள். சேர்த்தவர் நினைத்ததற்கு மாறான செய்திகளை அவற்றில் பல பின்னாளில் சொல்லின. சங்கத்தின் கதை காலாவதியாகலாம். அது சேர்த்த சரக்கு காலாவதியாவதில்லை. சில வேளைகளில் அந்தக் கதையைக் கவிழ்ப்பதே அந்தச் சரக்குதான். இதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள டீர்ஃபீல்ட் என்ற சிற்றூரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

டீர்ஃபீல்டில் 1870இல் ஜார்ஜ் ஷெல்டன் என்ற விவசாயி முன்னின்று பொக்கம்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கத்தை நிறுவினார். 1818இல் பிறந்த ஷெல்டன், 1916இல் 98 வயதில் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார். சங்கம் பிறப்பதற்குக் காரணமாயிருந்தது ஓர் இழப்பு. 1699 அளவில் ஜான் ஷெல்டன் என்ற அவருடைய முன்னோர் கட்டிய வீடு ஒன்று ஊரின் நடுவே நின்றது. 1704ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்களும் பூர்வகுடிகளும் நடத்திய தாக்குதலில் தப்பிய வீடு என்பதால் ஊரார் அதை ‘பழைய இந்தியர் வீடு’ என்றே அழைத்தார்கள்; பூர்வகுடிகளை அன்று ‘இந்தியர்’ என்றார்கள். 1840களில் அது இடிபடும் நிலை வந்தபோது காப்பாற்றச் சிலர் முயன்றார்கள். அமெரிக்காவில் ஒரு பழைய வீட்டைக் காக்க நடந்த முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று. முயற்சி பலிக்கவில்லை, 1848இல் வீடு இடிந்தது. மிஞ்சியது வாசற்கதவு. ஆணிகள் நெருக்கமாக அறையப்பட்ட கனத்த கதவு அது, கோடரி பிளந்த ஓட்டையோடு. அதுவும் 1860களில் பாஸ்டன் மருத்துவர் ஒருவரிடம் விலைபோய், ஊரார் பாடுபட்டுத்தான் திரும்பி வந்தது. 1880இல் சங்கம் தன் நினைவு மண்டபத்தைத் திறந்தபோது அந்தக் கதவே அதன் மூலவராக ஆயிற்று.

அந்தக் கதவு சொல்லவேண்டும் என்று ஷெல்டன் விரும்பிய கதை இது. 1704 பிப்ரவரி 29, பழைய நாட்காட்டிக் கணக்கில், விடியுமுன் பிரெஞ்சுக்காரர்களும் பூர்வகுடிகளுமாக இருநூற்றைம்பது முந்நூறு பேர், எர்டெல் த ரூவில் என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில், ஊரைச் சுற்றிய மர அரணை நெருங்கினார்கள். அரணோடு ஒட்டிக் குவிந்திருந்த பனி அவர்கள் ஏறிக் குதிக்க வசதியாயிற்று. ஏறத்தாழ 300 பேர் இருந்த ஊரில் சுமார் 50 பேர் மாண்டார்கள். 112 பேர் சிறைப்பட்டுக் கடும்பனியில் கனடாவரை நடத்திச் செல்லப்பட்டார்கள். ஊரின் பாதிரியார் ஜான் வில்லியம்ஸ் வீட்டில் இரண்டு குழந்தைகளும் பார்த்தீனா என்ற அடிமைப் பெண்ணும் அன்றே கொல்லப்பட்டனர். அவர் மனைவி மறுநாள் வழியில் கொல்லப்பட்டார். 1706இல் விடுதலையாகித் திரும்பிய பாதிரியார் அடுத்த ஆண்டே தன் சிறைவாழ்வைப் பற்றி எழுதிய நூல் நியூ இங்கிலாந்தில் பரவலாகப் படிக்கப்பட்டது. தெய்வம் சோதித்தது, தெய்வமே மீட்டது என்பது அதன் சாரம். ஷெல்டனின் சங்கம் இந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டு, இறந்தோர் பெயர்களையும் சிறைப்பட்டோர் பெயர்களையும் பளிங்குப் பலகைகளில் வெட்டிச் சுவரில் பதித்தது. தாக்கியவர்கள் அந்தப் பலகைகளில் காட்டுமிராண்டிகள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

கேள்வி எழாததற்குக் காரணம் தகவல் இல்லாமை அல்ல. 28 ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் போதும். 1676 மே 19 விடியற்காலையில், டீர்ஃபீல்டுக்கு அருகே கனெக்டிகட் ஆற்றின் பெஸ்கியொம்ஸ்கட் அருவிக்கரையில் மீன்பிடிக்கக் கூடித் தூங்கிக்கொண்டிருந்த பூர்வகுடிகள்மேல் ஆங்கிலேயக் கேப்டன் வில்லியம் டர்னர் சுமார் 150 பேரோடு பாய்ந்தார். செத்தவர்கள் 200 முதல் 300 வரை என்று கணக்கிடப்படுகிறது; பெரும்பாலும் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். அந்த அருவிக்கும் அதையொட்டி எழுந்த ஊருக்கும் இன்றும் டர்னரின் பெயர்தான். 1900இல் அங்கே நட்ட நினைவுக்கல்லும் அதை ஒரு வெற்றியாகவே பொறித்தது. விடியற்காலை, உறங்கும் ஊர், திடீர்த் தாக்குதல் என்று எல்லாம் ஒன்றே. ஆனால் ஊர்க் கதையில் 1704 படுகொலை, 1676 வீரச்செயல். இந்த இரட்டை அளவுகோலை மறைக்கக்கூட யாரும் முயலவில்லை, ஏனென்றால் அது இரட்டை அளவுகோல் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஷெல்டன் பொய் சொன்னவர் அல்ல. தன் காலத்து அளவில் நுணுக்கமான ஆய்வாளர். 1895–96இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய டீர்ஃபீல்ட் வரலாறு இன்றும் தவிர்க்கமுடியாத நூல். குறை அவருடைய நேர்மையில் இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று அவருக்கு முன்னரே தீர்மானமாகியிருந்தது, குறை அங்கேதான்.

இனி அவர் சேர்த்ததைப் பார்ப்போம். ஷெல்டன் வீடுவீடாகப் போய்ப் பரண்களைக் காலிசெய்தார் என்று சொன்னால் மிகையாகாது. ராட்டை, பானை, மண்வெட்டி, பின்னல்வேலை, கடிதக் கட்டு, கடைக் கணக்கு என்று எதையும் வேண்டாம் என்று அவர் ஒதுக்கவில்லை. 1880இல் மண்டபத்தில் ஒரு பழங்கால அடுக்களையை முழுமையாக அமைத்துக் காட்டினார். அமெரிக்க அருங்காட்சியகங்களில் அப்படியோர் அறை அமைந்தது ஏறக்குறைய அதுவே முதல் முறை. முன்னோர்களின் எளிய, உழைப்பு மிக்க வாழ்க்கையைக் காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் வகைதொகை இல்லாமல் சேர்க்கும் ஆசைக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. எது முக்கியம் என்று தேர்ந்தெடுத்துச் சேர்ப்பவன் தன் காலத்தின் தீர்ப்பையும் சேர்த்தே பூட்டிவைக்கிறான். எல்லாவற்றையும் அள்ளிப் போடுபவன் தனக்குப் புரியாததையும் காப்பாற்றிவிடுகிறான்.

முதல் எடுத்துக்காட்டு சங்கத்துக்குள்ளிருந்தே வந்தது. அலைஸ் பேக்கர் என்ற ஆசிரியை, சங்கத்தின் தூண்களில் ஒருவர், 1890இல் டீர்ஃபீல்டின் மிகப் பழைய வீடுகளுள் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக் குடியிருந்தவர், சிறைப்பட்டவர்களில் திரும்பி வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிக் கனடாவுக்குப் போனார். அவர் மனத்தில் இருந்தது மீட்புப் பணி: தொலைந்துபோன பெயர்களையாவது ஊருக்கு மீட்டுக் கொண்டுவரவேண்டும். மாதாகோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் பக்கம்பக்கமாகப் புரட்டியபோது கிடைத்ததோ வேறு. குழந்தையாகச் சிறைப்பட்ட அபிகேல் நிம்ஸும் ஜொசாயா ரைசிங்கும் அங்கேயே வளர்ந்து, கத்தோலிக்கராகி, 1715இல் ஒருவரையொருவர் மணந்து, ஓகா என்ற இடத்தில் நிலம்பெற்று வாழ்ந்தார்கள். அவர்களுடைய மகள்களில் ஒருத்தி மொன்ட்ரியலின் கன்னியர் சபைக்கே தலைவியானாள். இப்படி ஒன்றல்ல, பல. பேக்கர் 1897இல் வெளியிட்ட நூலின் நடை முழுக்க அனுதாபமும் ஏக்கமுமாகத்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பரிதாபத்துக்குரியவர்கள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் அவர் படியெடுத்த பதிவுகள் பரிதாபத்தைச் சொல்லவில்லை. திரும்பும் வாய்ப்பு வந்தபோதும் வராமல் இருந்தவர்களைச் சொல்கின்றன. கொடியவர்களின் கையில் சிக்கிய அப்பாவிகள் என்ற கதைக்கு இதைவிடப் பெரிய அடி வெளியிலிருந்து யாரும் கொடுக்கவில்லை.

திரும்பாதவர்களில் பேர்பெற்றவள் பாதிரியாரின் மகளே. யூனிஸ் வில்லியம்ஸ் சிறைப்பட்டபோது வயது ஏழு. மொன்ட்ரியலுக்கு அருகே கானவாகே என்ற, மொஹாக் பூர்வகுடியினரின் குடியிருப்பில் ஒரு குடும்பம் அவளைத் தத்தெடுத்தது. இறந்தவரின் இடத்தைச் சிறைப்பட்டவரைக் கொண்டு நிரப்புவது அவர்களின் வழக்கம். பெயர், உறவு, உரிமை எல்லாம் அந்த இடத்தோடு சேர்ந்தே வரும். அவள் ஆங்கிலத்தை மறந்தாள், 1713இல் அரோசன் என்பவரை மணந்தாள். தகப்பன் ஆள்மேல் ஆள் அனுப்பினார், நேரிலும் போனார். ஊர்க் கோயில்களில் பல்லாண்டு அவளுக்காகப் பிரார்த்தனை நடந்தது. 1740இல்தான் முதல்முறையாகக் கணவனோடு வந்து அண்ணனைப் பார்த்தாள், பிறகும் சில முறை வந்தாள், தங்கவில்லை. 1785இல், 89 வயதில், கானவாகேயில் இறந்தாள். வரலாற்றாசிரியர் ஜான் டெமோஸ் 1994இல் எழுதிய நூல் இவளை நடுவில் வைத்து, குடும்பம் அவளை இழந்த கதையோடு அவள் இன்னொரு குடும்பத்தைப் பெற்ற கதையையும் சேர்த்துச் சொன்னது. அதற்கான தரவு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அண்ணன் ஸ்டீஃபனின் நாட்குறிப்புகள், குடும்பக் கடிதங்கள், பேக்கரைப் போன்றவர்கள் தேடிப் பதிந்த விவரங்கள். மீளாத மகளைப் பற்றி அழுதவர்கள் எழுதிவைத்ததே மீள விரும்பாத பெண்ணை நமக்குக் காட்டுகிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு அடிமைகள். வட மாநிலங்களில் அடிமைமுறை இருந்தது என்பதையே பொதுநினைவு நெடுங்காலம் மறந்திருந்தது; அது தெற்கின் பாவம் என்று எண்ணிக்கொள்வது வசதியாக இருந்தது. ஷெல்டனோ 1893இலேயே டீர்ஃபீல்டின் அடிமைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் நடை இன்று படிக்கக் கூசுகிறது: நம் ஊரில் அடிமைகளை நன்றாகத்தான் நடத்தினார்கள் என்ற பெருமிதமும், அவர்களைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சும். ஆனால் அந்த வேடிக்கைப் பேச்சுக்கு நடுவே ஒரு செய்தி வருகிறது. ஊரின் இரண்டாம் பாதிரியார் ஜொனாதன் ஆஷ்லியின் வீட்டில் ஜின் என்ற ஆப்பிரிக்கப் பெண்ணும் அவள் மகன் கேட்டோவும் அடிமைகள். செத்த பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று நம்பிய ஜின், அதற்காகப் பொத்தான், மணி, துணித்துண்டு, பளபளக்கும் சிறு பொருள் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவந்தாள். மகனுக்கும் அந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தாள். ஷெல்டனுக்கு இது ஒரு கிழவியின் விநோதம். இன்று படிப்பவருக்கு, நன்றாக நடத்தப்பட்ட அடிமை என்ற கதையை உடைக்க இந்த ஒரு செய்தி போதும். அவள் ஒருநாளும் இந்த ஊரைத் தன் ஊராக ஒப்புக்கொள்ளவில்லை.

இதே ஊரில் அடிமையாக வளர்ந்த லூசி டெர்ரி, 1746இல் நடந்த ஒரு தாக்குதலைப் பற்றிக் கட்டிய பாட்டு வாய்மொழியாகவே வழங்கி 1855இல் அச்சேறியது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் இயற்றியதாகத் தெரியவரும் ஆக முந்தைய பாட்டு அதுவே. லூசியையும், 1756இல் அவளை மணந்த அபைஜா பிரின்ஸையும் பற்றி ஷெல்டன் கேட்டறிந்து எழுதிவைத்தார். அவர்களும் மற்ற அடிமைகளும் கடைக்கணக்கில் வருகிறார்கள்: யாருக்கு என்ன துணி, யாருடைய அடிமை எத்தனை நாள் யார் வயலில் வேலை, எத்தனை ஷில்லிங். வணிகன் பாக்கியை மறக்காமல் இருக்க எழுதியது. சங்கம் பழமை என்று பத்திரப்படுத்தியது. 2008இல் லூசி, அபைஜா வாழ்க்கையைப் பற்றி கிரெச்சன் கெர்சினாவும், 2009இல் இந்தப் பள்ளத்தாக்கின் அடிமைமுறையைப் பற்றி இயற்பியல் பேராசிரியரான ராபர்ட் ரோமரும் நூல் எழுதியபோது, ஊரின் ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு யார் யார் அடிமை வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடிந்தது. அந்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் முக்கியமான குடும்பத்தார். பாதிரியார்களும் உட்பட.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு வரும், வரவேண்டும். சேர்த்ததைப் புகழ்கிறீர்களே, சேர்க்காதது என்ன ஆயிற்று? பொக்கம்டக் என்ற பூர்வகுடிப் பெயரைச் சங்கம் தன் பெயரில் வைத்துக்கொண்டது. பொக்கம்டக் மக்கள் அழிந்தொழிந்தவர்கள் என்று அதே மூச்சில் சொன்னது. வரலாற்றாசிரியர் ஜீன் ஓப்ரையன் 2010இல் வெளியிட்ட நூலில் நியூ இங்கிலாந்தின் நூற்றுக்கணக்கான ஊர் வரலாறுகளைப் படித்துக் காட்டியது இதைத்தான்: எல்லா ஊரிலும் முதல் வீடு, முதல் குழந்தை, முதல் கோயில் என்று குடியேறிகளிடமிருந்து கதை தொடங்குகிறது, எல்லா ஊரிலும் ‘கடைசி இந்தியர்’ ஒருவர் செத்துப்போகிறார். அந்தக் கடைசி இந்தியருக்குப் பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரில் இருந்தாலும்கூட. இன்னொன்று இதைவிடக் கொடுமை. இந்தப் பள்ளத்தாக்கில் பூர்வகுடிகளின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைக் கல்லூரிகளுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் கொண்டுபோனதை அந்தக் காலத்தில் அறிவியல் என்றார்கள். 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டம்தான் கல்லூரிகளில் இருந்தவற்றைத் திருப்பித் தரக் கட்டாயப்படுத்தியது. அபனாகி என்ற பூர்வகுடி மரபில் வந்த மார்கரெட் ப்ருஷாக் இந்தச் சேகரிப்புகளைத் துருவி ஆராய்ந்து, காணாமல் போனவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று வாதிட்டார். சேகரிப்பு என்பதே ஒரு சமூகத்தின்மேல் இன்னொரு சமூகம் செய்த வன்முறையின் பகுதியாக இருந்திருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. எலும்பைச் சேர்த்ததும் கணக்குப் புத்தகத்தைச் சேர்த்ததும் ஒன்றல்ல என்று மட்டுமே சொல்வேன்.

ஆனாலும் இந்த மறுப்பு நிற்க உதவும் சான்றுகள் எவை என்று கேட்டுப்பார்க்கலாம். 1837 ஆகஸ்டில் கனடாவின் ஓடனாக்கிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட அபனாகியர் டீர்ஃபீல்டுக்கு வந்து, யூனிஸின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று சொல்லிச் சில நாள் கூடாரமடித்துத் தங்கினார்கள். முன்னோர் கல்லறைகளைப் பார்த்தார்கள், கூடை விற்றார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார்கள். அவர்கள் முன்னிலையில் பாதிரியார் ஃபெஸெண்டன் ஆற்றிய பிரசங்கம் அதே ஆண்டில் அச்சாகி இன்றும் கிடைக்கிறது. இந்தியர்கள் இல்லாமல் போனார்கள் என்று எழுதிய ஊரே, அவர்கள் குடும்பத்தோடு வந்து கோயிலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கும் ஆவணம் வைத்திருக்கிறது. நிலப் பத்திரங்களும் அப்படியே. ஊர் நியாயமாக விலைகொடுத்து வாங்கப்பட்டது என்பதற்கு அவை நெடுங்காலம் சான்றாகக் காட்டப்பட்டன. 1667இல் சௌக் என்ற பொக்கம்டக் தலைவர் ஆங்கிலேயக் குடியேறி ஜான் பிஞ்சனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தை நிதானமாகப் படித்தால், ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமையும் வேட்டையாடும் உரிமையும் காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கும் உரிமையும் தன் மக்களுக்கு உண்டு என்று அவர் எழுதி வாங்கிக்கொண்டது தெரியும். 1672இல் மஷலிஸ்க் என்ற பெண்தலைவி தன் மகன் பிஞ்சனிடம் பட்ட கடனுக்காக நிலத்தை எழுதிக்கொடுத்த பத்திரமும் இருக்கிறது. ஊரை விட்டுப் போகிறவர்களின் பத்திரங்கள் அல்ல இவை. இருந்துகொண்டே பங்கிட்டவர்களின், கடனில் மாட்டியவர்களின் பத்திரங்கள்.

காகிதத்தை இவ்வளவு நம்புவது வாய்மொழி மரபுக்குச் செய்யும் அநியாயம் ஆகாதா என்று கேட்கலாம். வாய்மொழியைத் தள்ளுவது தவறு. சோதிக்காமல் ஏற்பதும் தவறு. யூனிஸின் கொள்ளுப்பேரன் ஈலியஸர் வில்லியம்ஸ் ஒரு கதை பரப்பினார்: கானவாகே கோயிலுக்காகப் பிரான்சிலிருந்து வந்த மணியை ஆங்கிலேயர் கடலில் கொள்ளையடித்து டீர்ஃபீல்டில் தொங்கவிட்டார்களாம்; அதை மீட்கத்தான் 1704 தாக்குதலாம். அழகான கதை, தாக்கியவர்களுக்கு நியாயம் சேர்க்கும் கதை, கானவாகேயிலும் சொல்லப்பட்டது. ஆனால் அப்படியொரு மணி டீர்ஃபீல்டில் இருந்ததற்குச் சான்றில்லை. ஈலியஸரோ பிறகு, பதினாறாம் லூயியின் காணாமல் போன மகன் நானே என்று உரிமை கொண்டாடிய ஆள். ஒடுக்கப்பட்டவர் தரப்பிலிருந்து வருவதாலேயே ஒரு கதை உண்மையாகிவிடாது. தாக்கியவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அதற்கு மணி தேவையில்லை. வரலாற்றாசிரியர்கள் ஹேஃப்லி, ஸ்வீனி இருவரும் 2003இல் எழுதிய நூல் பிரெஞ்சு ஆவணங்களையும் ஆங்கில ஆவணங்களையும் ஒப்பிட்டு, வந்தது ஒரே படை அல்ல, பல குடிகளின் கூட்டணி என்று நிறுவியது. அபனாகியருக்கு இழந்த நிலம், மொஹாக்குகளுக்கு இறந்தோர் இடத்தை நிரப்ப ஆள், பிரெஞ்சுக்காரருக்கு ஆங்கிலேயரை எல்லையில் கட்டிப்போடும் திட்டம். வெண்டாட் என்ற பூர்வகுடியினரும் தங்கள் கணக்கோடுதான் வந்தார்கள்.

இதெல்லாம் இன்றைய மோஸ்தர்தானே, நாளைக்கு வேறு மோஸ்தர் வரும் என்பது இன்னொரு மறுப்பு. ஊரின் கதை காலத்துக்கேற்ப மாறியது உண்மைதான். 1890களில் தொழில்மயத்தால் கலங்கியவர்கள் டீர்ஃபீல்டில் கைத்தொழிலின் பொற்காலத்தைக் கண்டார்கள். மண்டபத்திலிருந்த பழைய பூத்தையல் வேலைகளைப் பார்த்து நீலமும் வெள்ளையுமாகத் துணியில் பூத்தையல் போட்டு விற்கும் பெண்கள் சங்கம் 1896இல் எழுந்தது. கெடுபிடிப் போர்க் காலத்தில், 1952இல், ஹென்றி ஃப்ளின்ட் தம்பதி ஊரின் பழைய வீடுகளைக் காக்க ஒரு தனி நிறுவனம் தொடங்கியபோது அதே டீர்ஃபீல்ட் சுதந்திரத்தின் எல்லைக்காவல் ஆயிற்று. கம்யூனிஸ்டுகளின் இடத்தில் இந்தியர்களை வைத்துப் படித்துக்கொள்ளவேண்டியதுதான். 2004இல், தாக்குதலின் முந்நூறாம் ஆண்டில், ஷெல்டனின் சங்கமே அந்த இரவை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மொஹாக், வெண்டாட், அபனாகி என்று ஐந்து தரப்பிலிருந்தும் பக்கம்பக்கமாக வைத்துச் சொன்னது. இதுவும் தன் காலத்தின் பிள்ளைதான். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே தரம் அல்ல. கைத்தொழில் பொற்காலத்தை எழுதியவர்கள் அடிமைகள் இருந்த கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை. எல்லைக்காவல் கதை சொன்னவர்கள் சௌக்கின் பத்திரத்தில் கொட்டை பொறுக்கும் உரிமையைப் படிக்கவில்லை. ஐந்து தரப்புக் கதையை எழுதியவர்கள் முன்னவர் சேர்த்ததில் எதையும் மறைக்கவேண்டியிருக்கவில்லை. எந்தக் கதை அதிகச் சான்றைத் தாங்குகிறதோ அதுவே மேலான கதை என்பது பழைய அளவுகோல்தான், இன்னும் தேயவில்லை.

கடைசியாக ஒன்று: இந்தச் சங்கம் இல்லாவிட்டால் என்ன, பல்கலைக்கழகங்களும் அரசு ஆவணக்காப்பகங்களும் இதைச் செய்திருக்காதா? செய்திருக்கமாட்டா என்றே நினைக்கிறேன். 1791இலேயே பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் இருந்தது. அதன் கவனம் ஆளுநர்களின் கடிதங்களிலும் குடியரசை நிறுவியவர்களின் காகிதங்களிலும். ஒரு கிராமத்துச் சாராயக்கடையின் கணக்கை 1870இல் எந்தப் பல்கலைக்கழகம் வாங்கியிருக்கும்? வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிக் 2001இல் வெளியிட்ட நூலில் ஒரு கூடை, ஒரு ராட்டை, ஓர் அலமாரி என்று பொருள்களைக் கொண்டே நியூ இங்கிலாந்துப் பெண்களின் இருநூறு ஆண்டு உழைப்பை எழுதினார். அத்தகைய பொருள்கள் பிழைத்ததே ஷெல்டனைப் போன்ற ஊர்க்காரர்களின் பித்தால். முன்னோர்மேல் பக்தி இல்லாதவன் அந்தக் குப்பையைத் தூக்கிவந்திருக்கமாட்டான். அந்த பக்தியே அவனைக் குருடாக்கியும் வைத்தது. இரண்டையும் பிரித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாரும் சேர்க்காமல் மண்ணிலேயே விட்டதற்கும் இப்போது முறை வந்திருக்கிறது. 2004 மே 19இல் டர்னர்ஸ் ஃபால்ஸை உள்ளடக்கிய மாண்டேகு நகரமும் நாரகான்செட் பழங்குடியும் சேர்ந்து ஒரு சமாதானச் சடங்கு நடத்தி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2010களில் அந்த நகரமும் அக்கம்பக்கத்து ஊர்களும் பூர்வகுடிப் பிரதிநிதிகளும் கூட்டாக, தேசியப் பூங்காத் துறையின் போர்க்களப் பாதுகாப்புத் திட்ட உதவியோடு, 1676ஆம் ஆண்டுச் சண்டை நடந்த இடங்களைத் தொல்லியல் முறையில் தேடின. உலோகங்காட்டிக் கருவியோடு வயலும் ஓடைக்கரையுமாக நடந்தவர்களுக்கு ஈயக் குண்டுகள் கிடைத்தன. அவை கிடந்த வரிசையைக் கொண்டு டர்னரின் படை பின்வாங்கிய வழியைக் குறிக்க முடிந்தது. தூங்கியவர்களைக் கொன்றுவிட்டு அந்தப் படை அமைதியாக வீடு திரும்பவில்லை. அருகிலிருந்த முகாம்களிலிருந்து வந்த பூர்வகுடி வீரர்கள் வழியெங்கும் மடக்கித் தாக்கியதில் சுமார் 40 பேர் மாண்டார்கள், கிரீன் ஆற்றைக் கடக்கும்போது டர்னரும் சுடப்பட்டார்.